எதில், எதிலிருந்து, எப்போது: அறிவியல் தமிழில் பெயர்ச்சொல்லின் எல்லை

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் கல்லூரி அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ் நாளிதழைப் பிரிக்கும் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு தொடர் உண்டு: "காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்". அதையடுத்து ஊர்ப்பெயர் வரும். பிறகு சென்டிமீட்டர் கணக்கு வரும். ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகியதால் நம் கண் அந்தத் தொடரைத் தாண்டி எண்ணுக்குப் போய்விடுகிறது. தமிழில் அன்றாடம் அச்சாகும் மிக நல்ல அறிவியல் உரைநடை அந்தத் தொடர்தான் என்பது என் எண்ணம்.

அதை நீக்கிவிட்டு, "கடலூரில் நேற்று 12 செ.மீ. மழை" என்று எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நேற்று என்றால் எது? நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரையா, விடியலிலிருந்து விடியல் வரையா? இரவு பதினோரு மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு மணி வரை கொட்டிய மழை எந்த நாளின் கணக்கில் சேரும்? நாகப்பட்டினத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் கடலூரில் இன்னொருவர் வேறு விதமாகவும் நாளைப் பிரித்தால் இரண்டு எண்களையும் அருகருகே வைக்கவே முடியாது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்க்க வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் விதித்திருப்பதால்தான் 'மழை' என்ற பொதுச்சொல் ஓர் அளவாகிறது. அந்த விதியை வாசகனிடம் கொண்டு சேர்ப்பது 'உடன்', 'இல்' என்ற இரண்டு உருபுகளும் 'முடிந்த' என்ற ஒரு பெயரெச்சமும்.

இன்று நான் பேச வந்தது இந்தச் சிறிய உறுப்புகளைப் பற்றி. பல துறைகளின் ஆய்வேடுகளைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. கலைச்சொற்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, வாக்கியமும் முடிகிறது. ஆனால் பெயர்ச்சொற்கள் வெறுமையாக நிற்கின்றன. 'அளவு', 'விளைவு', 'செறிவு', 'மாதிரி', 'வேகம்', 'உயரம்' என்று எழுதிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். எதன் அளவு, எதில், எதிலிருந்து, எந்த நிலையில், எத்தனை நேரத்துக்குப் பிறகு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர்தானே ஆய்வகத்தில் நின்றவர். தாளில் மட்டும் அவை இல்லை.

ஆங்கிலம் இந்த வேலையை ஒரு விதமாகச் செய்கிறது. பெயரை முதலில் சொல்லிவிட்டு, 'ஆஃப்', 'இன்', 'அட்', 'ஃப்ரம்' என்ற சிறு சொற்களால் விளக்கங்களைப் பின்னால் கோத்துக்கொண்டே போகும். நம் மொழியில் எல்லாம் முன்னால் வரும். வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயரெச்சமும் வரிசையாக வந்து கடைசியில் பெயர் வந்து உட்காரும். இடம் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஒரு பொதுப்பெயர் குறிக்கக்கூடிய ஆயிரம் பொருள்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை விலக்குவது அந்த வேலை.

வீட்டுக்கு வீடு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். 'சர்க்கரை 140' என்று ஒருவர் சொல்கிறார். இதைக் கேட்டு எந்த மருத்துவரும் முடிவு சொல்ல மாட்டார். இரவு முழுதும் எதுவும் உண்ணாமல் காலையில் எடுத்த இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் என்றால் அது நீரிழிவுக்கான எல்லையாகிய 126-ஐத் தாண்டிவிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 140 என்றால், இயல்பான அளவு முடியும் வாசலில் அது நிற்கிறது. அங்கே நீரிழிவின் எல்லை 200. எண் ஒன்றே, மனிதர் ஒருவரே, நோயின் பெயர் மாறுகிறது. இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 'இரத்தத்தில்' என்பதும் போதாது. அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில் அளந்தால், முழு இரத்தத்தில் அளப்பதைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதலாக வரும். ஆய்வுக் கட்டுரையில் 'பிளாஸ்மாவில்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை நுழைந்துவிடும்.

பெயர்ச்சொல் எப்படிப் படிப்படியாகக் கூர்மையாகிறது என்பதை முழு நீளத்தில் பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த வரலாறு மீட்டரின் வரலாறு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வேற்றுமைத் தொடரும் எந்த ஆண்டில், எந்த ஐயத்தால் வந்து ஒட்டியது என்பது பதிவாகியிருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-ல், பாரிஸ் அறிவியல் கழகம் முன்வைத்த கருத்து எளிமையானது: வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பூமி முழுமையான கோளமல்ல, தீர்க்கரேகைக்குத் தீர்க்கரேகை அந்தத் தூரம் மாறக்கூடும் என்பதால் 'பாரிஸ் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையில்' என்பதும் சேர்ந்தது. டெலாம்பர், மெஷேன் என்ற இருவர் டன்கர்க் நகரிலிருந்து பார்சலோனா வரை ஏழாண்டுப் பாடுபட்டு அளந்தார்கள். 1799-ல் பிளாட்டினத்தில் ஒரு தண்டு செய்து வைத்தார்கள். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்ற கணக்கில் நேர்ந்த பிழையால் அந்தத் தண்டு, வரையறை சொன்னதைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்தது. வரையறை ஒன்று சொல்ல, தண்டு வேறொன்று சொன்னது. உலகம் தண்டையே பிடித்துக்கொண்டது.

1889-ல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த புதிய தண்டு வந்தது. மீட்டர் என்பது அந்தத் தண்டில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரம் என்றாயிற்று. இவ்வளவு போதும் என்று தோன்றும். ஆனால் உலோகம் வெப்பத்தில் நீளும். அந்தக் கலப்பு உலோகம் மீட்டருக்கு ஒரு டிகிரியில் எட்டு முதல் ஒன்பது மைக்ரோமீட்டர் நீளக்கூடியது. ஆகவே 'பனி உருகும் வெப்பநிலையில்' என்ற தொடர் கூடவே பிறந்தது. அந்த ஒரு 'இல்' இல்லாவிட்டால் காலையில் ஒரு மீட்டர், மாலையில் வேறொரு மீட்டர்.

1927-ல் மேலும் ஐயங்கள் எழுந்தன. கோட்டுக்கும் அகலம் உண்டே, எங்கிருந்து எங்கே அளப்பது? கோடுகளின் அச்சுகளுக்கு இடையே. காற்றழுத்தம் மாறினால்? இயல்பான வளிமண்டல அழுத்தத்தில். தண்டை எதன் மேல் வைப்பது? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தண்டை இரு முனைகளில் தாங்கினால் நடுவில் தொய்யும். நடுவில் தாங்கினால் முனைகள் தொய்யும். தொய்வு கண்ணுக்குத் தெரியாது, நீளத்தில் தெரியும். ஆகவே குறைந்தது 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உருளைகளின் மேல், ஒரே கிடைமட்டத்தில், ஒன்றிலிருந்து ஒன்று 571 மில்லிமீட்டர் தொலைவில், சமச்சீராக வைக்கப்பட்ட தண்டு என்று எழுதினார்கள். 571 எங்கிருந்து வந்தது? 102 சென்டிமீட்டர் நீளத் தண்டை எந்த இரு புள்ளிகளில் தாங்கினால் தொய்வால் நீளம் மிகக் குறைவாகச் சுருங்கும் என்று கணக்குப் போட்டால் வருகிற இடைவெளி அது. 'தூரம்' என்ற ஒரு பெயருக்கு இத்தனை அடைகள். ஒன்றுகூட அலங்காரத்துக்கு வந்ததல்ல.

1960-ல் தண்டே போயிற்று. கிரிப்டான்-86 அணு உமிழும் குறிப்பிட்ட ஒளியின் அலைநீளம் வந்தது, 'வெற்றிடத்தில்' என்ற அடையோடு. 1983 முதல் நாம் பின்பற்றுவது: வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் பாதையின் நீளம். எத்தனையோ சொற்கள் உதிர்ந்தும் 'வெற்றிடத்தில்' மட்டும் உதிரவில்லை. ஒளி காற்றில் சற்று மெதுவாகவும் கண்ணாடியில் மிக மெதுவாகவும் போகும். அந்த உருபை எடுத்துவிட்டால் வரையறை சரிந்துவிடும்.

இதற்கு நம் ஊரிலும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். அந்த நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் பிழைத்தால் அடிக்கோட்டில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் பிழை வரும். தெற்கே குமரி வரையிலும் வடக்கே இமயம் வரையிலும் பின்னால் கட்டப்பட்ட முக்கோணங்கள் அனைத்தும் இந்த வகை அடிக்கோடுகளின் மேல் நிற்பவை. அதனால் சங்கிலியை வெயில் படாமல் காத்து, வெப்பமானிகளை வைத்துப் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். சங்கிலியின் நீளம் என்று அவர்கள் எழுதவில்லை. இன்ன வெப்பநிலையில் உள்ள சங்கிலியின் நீளம் என்று எழுதினார்கள்.

அந்த அளவை கடைசியில் எட்டிய எவரெஸ்டின் உயரத்திலும் இதே கதைதான். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். அடிவாரத்திலிருந்து அளந்தால், பெரும்பகுதி கடலுக்குள் இருக்கும் ஹவாயின் மௌனா கேயா பத்தாயிரம் மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எக்வடாரின் சிம்போராசோ உச்சி, நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமி புடைத்திருப்பதால், எவரெஸ்டைவிட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. உலகின் உயர்ந்த மலை எது என்ற கேள்விக்கு விடை ஐந்தாம் வேற்றுமையில் இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு 'எல்லை' என்று ஒரு பொருளை நம் இலக்கணம் தனியாகவே சொல்லி வைத்திருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மற்ற அலகுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நொடியை 1967-ல் சீசியம்-133 அணுவால் வரையறுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1997-ல், 'அசையாமல் நிற்கிற, 0 கெல்வின் வெப்பநிலையில் உள்ள' அணு என்று விளக்கம் சேர்த்தார்கள். சுற்றுப்புற வெப்பக் கதிர்வீச்சு அணுவின் அதிர்வைச் சிறிது மாற்றிவிடுகிறது என்பதை அதற்குள் கண்டிருந்தார்கள். கிலோகிராம் தண்டத்தின் மேல் தூசு படியும் என்பதால், குறிப்பிட்ட முறையில் கழுவித் துடைத்த உடனே உள்ள நிறைதான் கணக்கு என்று 1989-ல் சொல்ல வேண்டியிருந்தது. கெல்வின் அலகு நீரின் மும்மைப் புள்ளியை நம்பியிருந்த காலத்தில், 2005-ல், 'எந்த நீர்' என்ற கேள்வி வந்தது. ஆற்று நீரிலும் கடல் நீரிலும் கன ஹைட்ரஜன், கன ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் ஒன்றல்ல. ஆகவே நீருக்கே ஓர் ஐசோடோப்புக் கலவையை வரையறுத்தார்கள். நீர் என்ற சொல்லுக்குக்கூட அடை தேவைப்பட்டது.

இனி நம் மொழிக்கு வருகிறேன்.

தமிழில் பெயரோடு பெயரைச் சேர்ப்பது மிக எளிது. உருபை மறைத்துவிட்டு இரண்டையும் ஒட்டினால் தொகையாகிவிடும். கவிதைக்கு இது பெரும் செல்வம். ஆனால் உருபு மறைந்த இடத்தில் பொருள் மயங்கும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில், ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கலாம் என்று வரம்பே கட்டுகிறார். உரைகாரர்கள் அதற்குச் 'சொற்பொருள்' என்ற தொடரை எடுத்து, சொல்லினது பொருள், சொல்லுக்குப் பொருள், சொல்லின்கண் பொருள், சொல்லும் பொருளும் என்று விரித்துக்கொண்டே போவார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

'உலர்ந்த இலைச் சாறு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல், சித்த மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கிறோம். உலர்ந்தது இலையா, சாறா? இலையை நிழலில் உலர்த்திப் பிறகு சாறு எடுத்தார்களா, பச்சை இலையிலிருந்து சாறெடுத்து அதைப் பொடியாக உலர்த்தினார்களா? இரண்டும் வெவ்வேறு பொருள்கள். 'உலர்த்திய இலையிலிருந்து எடுத்த சாறு' என்றோ 'இலையிலிருந்து எடுத்து உலர்த்திய சாறு' என்றோ எழுதினால் ஐயம் தீர்ந்தது. அடுத்த கேள்வி: எதில் எடுத்தது? நீரில் கரைகிறவை வேறு, எத்தனாலில் கரைகிறவை வேறு, ஹெக்சேனில் கரைகிறவை வேறு. கரைப்பானைச் சொல்லாத சாற்றுக்கு நுண்ணுயிரைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று எழுதினால், அதை மீண்டும் செய்து பார்க்க விரும்பும் இன்னொரு ஆய்வாளர் எங்கே தொடங்குவார்?

ஆறாம் வேற்றுமை 'இன்' எல்லா இடத்திலும் பொருந்துவதுபோல் தோன்றும். அதனாலேயே அது நம்மை ஏமாற்றும். மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியை ஒடுக்கத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிறு குளவியை 1980-களில் ஆப்பிரிக்காவில் விட்டார்கள்; கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்த முயற்சி அது. அதைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'குளவியின் கட்டுப்பாடு' என்று தலைப்பிட்டால், குளவியைக் கட்டுப்படுத்தினார்கள் என்று ஒருவர் படிப்பார், குளவியால் கட்டுப்படுத்தினார்கள் என்று இன்னொருவர் படிப்பார். 'ஐ' அல்லது 'ஆல்' ஒன்றைப் போட்டால் தீர்ந்துவிடும் குழப்பம். செய்வதும் செய்யப்படுவதும் ஒரே 'இன்' உருபுக்குள் ஒளிந்துகொள்ளும் இடங்களை உங்கள் கட்டுரையில் தேடிப் பாருங்கள். 'நோயாளிகளின் மதிப்பீடு', 'வேட்டை விலங்குகளின் குறைவு', 'ஆசிரியர்களின் ஆய்வு' என்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இவற்றைவிட என்னை வருத்துவது 'சார்ந்த', 'தொடர்பான', 'ரீதியான' என்ற மூன்று சொற்கள். உறவு இருக்கிறது என்று மட்டும் இவை சொல்லும். என்ன உறவு என்று சொல்லாது. 'நீர் சார்ந்த நோய்கள்' என்று பாடநூலிலும் பதாகையிலும் எழுதுகிறோம். 1972-ல் கிழக்கு ஆப்பிரிக்க வீடுகளின் தண்ணீர்ப் பயன்பாடு பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு நூலில் டேவிட் பிராட்லி இந்த நோய்களைப் பிரித்துக் காட்டினார். அவர் செய்ததை நம் மொழியில் சொன்னால் அது முழுக்க முழுக்க வேற்றுமைப் பாகுபாடு. காலரா, மாசுபட்ட நீரைக் குடிப்பதால் வருவது. சொறி சிரங்கும் கண்ணிமையைத் தாக்கும் டிரக்கோமாவும், கழுவப் போதிய நீர் இல்லாததால் பரவுபவை. நரம்புச் சிலந்தி, நீரில் வாழும் ஓர் உயிரிக்குள் வளர்ந்து நம்முள் நுழைவது. மலேரியாவும் டெங்குவும், நீரில் முட்டையிடும் கொசுவால் வருபவை.

இந்தப் பிரிவினை ஏன் தேவை? மருந்து அதில்தான் இருக்கிறது. முதல் வகைக்கு நீரின் தரத்தை உயர்த்த வேண்டும், குளோரின் கலக்க வேண்டும். இரண்டாம் வகைக்குத் தரத்தைவிட அளவு முக்கியம்; சற்றுக் கலங்கிய நீரானாலும் வீட்டுக்கு அருகில் நிறையக் கிடைத்தால் சிரங்கு குறையும். நரம்புச் சிலந்திக்கு, நீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதே பெரும் பாதுகாப்பு. படிக்கிணறுகளை மாற்றியும் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தும் இந்தியா அந்த நோயை ஒழித்தது, 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. டெங்குவுக்கோ நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் பயனில்லை. மூடி இல்லாத தொட்டியில் உள்ள நல்ல தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது. நான்கையும் 'நீர் சார்ந்த' என்ற ஒரே மூட்டையில் கட்டிய கட்டுரையைப் படித்து ஓர் ஊராட்சி அலுவலர் என்ன செய்வார்? குளோரின் வாங்குவார். சிரங்கும் டெங்குவும் அப்படியே இருக்கும். 'ஆல்', 'இல்', 'இல்லாததால்' என்ற உருபுகளில் பொது நலமே தங்கியிருக்கிறது என்று நான் சொல்வது மிகையல்ல.

கலைச்சொல்லுக்கு நாம் நீண்ட காலமாக உழைத்திருக்கிறோம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பெ. நா. அப்புஸ்வாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டினார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. அந்த உழைப்பின் பயனாக இன்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பெயர்களுக்கு இடையே என்ன உறவு என்று எழுதும் பயிற்சியை மட்டும் நம் வகுப்பறைகள் தரவில்லை. பத்தாம் வகுப்பில் வேற்றுமை உருபைத் தேர்வுக்குப் படிக்கிறோம். இயற்பியல் செய்முறை ஏட்டில் அதே உருபைப் பயன்படுத்த யாரும் கேட்பதில்லை. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு செய்முறை ஏட்டைத் திருத்தினால் ஓராண்டில் பெரிய மாற்றம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நியாயமான ஒரு கேள்வி எழும். இப்படி எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால் வாக்கியம் மூச்சு முட்டாதா? முட்டும். கற்பனையாக ஓர் ஆய்வை வைத்துக்கொள்வோம். ஆற்று மீன்களில் காட்மியம் எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். 'சாயப்பட்டறைக் கழிவு கலக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே கோடையில் பிடிக்கப்பட்ட முதிர்ந்த கெண்டை மீன்களின் சதையில் சேர்ந்துள்ள காட்மியத்தின் ஒரு கிராம் உலர் எடைக்கான அளவு' என்று எழுதினால் எல்லாம் சரி, ஆனால் 'அளவு' வருவதற்குள் வாசகர் தொடக்கத்தை மறந்திருப்பார். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடுவதால் இந்தச் சுமை குறைவு. தமிழில் எழுதுகிறவர் சுமையை இரண்டு மூன்று வாக்கியங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 'கெண்டை மீன்களின் சதையில் உள்ள காட்மியத்தை அளந்தோம். மீன்கள் அனைத்தும் முதிர்ந்தவை. கழிவு கலக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, கோடையில் பிடிக்கப்பட்டவை. இந்தக் கட்டுரையில் காட்மிய அளவு என்று வருமிடமெல்லாம் உலர்த்திய சதையின் ஒரு கிராமில் உள்ளதையே குறிக்கும்.' இதற்குப் பிறகு 'காட்மிய அளவு' என்ற சிறு தொகையை உரிமையோடு பயன்படுத்தலாம். ஒருமுறை விரித்தபின் சுருக்குவதில் குற்றமில்லை. விரிக்காமலே சுருக்குவதுதான் குற்றம்.

அந்த 'உலர்த்திய' என்ற சொல்லை யாராவது நீக்கச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். மீன் சதையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உலர் எடைக்குக் கணக்கிட்ட எண், ஈர எடைக்குக் கணக்கிட்டதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கும். பாதுகாப்பான எல்லைக்கு உள்ளே இருக்கும் மீன், ஒரு பெயரெச்சம் விடுபட்டதால் நஞ்சாகத் தெரியலாம். மீனவரின் பிழைப்பு அதில் இருக்கிறது.

எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் வழி ஒன்றுதான். ஓர் அடையை எடுத்துவிட்டுப் படியுங்கள். அதைப் பார்க்காத இன்னொருவர் தன் ஆய்வகத்தில் வேறு விதமாகச் செய்து வேறு எண் பெறக்கூடுமா? கூடும் என்றால் அந்த அடை இருக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பழுப்பு நிறக் குடுவையில் வைத்தோம் என்பதில் நிறம் வேண்டும், ஒளி பட்டால் அது சிதையும். உப்புக் கரைசலை வைத்த குடுவையின் நிறம் யாருக்கும் வேண்டாம். 'மிக நவீனமான', 'உயர்தரமான', 'முறையான' என்ற அடைகள் இந்தச் சோதனையில் நிற்காது. எண்ணை மாற்றாத அடை அறிவியல் கட்டுரையில் இடத்தை மட்டும் அடைக்கும்.

பேச்சை முடிக்குமுன் அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரைகளை எல்லோரும் முழுதாகப் படிப்பதில்லை. அட்டவணையை மட்டும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்தவர் கட்டுரையிலும் நாளிதழிலும் அரசுக் கோப்பிலும் அது தனியாகப் போய் உட்காரும். கட்டுரையின் உடற்பகுதியில் நீங்கள் கவனமாக எழுதிய அடைகள் அதனோடு போவதில்லை. எனவே வெறும் பெயர் மிக அதிகமாகத் தீங்கு செய்யும் இடம் நிரலின் தலைப்புதான். 'காட்மியம்' என்று தலைப்பிடாதீர்கள். 'சதையில் உள்ள காட்மியம், உலர் எடை கிராமுக்கு மைக்ரோகிராமில்' என்று எழுதுங்கள். 'சர்க்கரை' வேண்டாம், 'வெறும் வயிற்றில், பிளாஸ்மாவில் குளுக்கோஸ், டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்' என்று எழுதுங்கள். நிரல் அகலமாகிறது என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அட்டவணையைப் படுக்கை வசத்தில் அச்சிடுங்கள், நிரல்களில் ஒன்றைக் குறையுங்கள். உருபைக் குறைக்க வேண்டாம்.

மதிய அமர்வுக்கு உங்கள் ஆய்வேட்டிலிருந்து ஒரே ஓர் அட்டவணையைக் கொண்டு வாருங்கள். தலைப்புகளை மட்டும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.